முன்னாலும் டிக்கி, பின்னாலும் டிக்கி!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு போன் அடித்தால் ஒன்று துக்கச் செய்தியாக இருக்கும், இல்லாவிட்டால் என் நண்பனாக இருக்கும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது.

"மாப்ள, செத்துருச்சுடா!"

"ஐயையோ! யாருடா?"

"பேட்டரி!"

நண்பனைப் பற்றி இரண்டு வரி. கோயமுத்தூரில் என்னோடு பி.காம். படித்தவன். நான் டெபிட், கிரெடிட்டோடு நின்றுவிட்டேன். அவன் பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை வைத்து மேலே போய்விட்டான். போனவன் சும்மா இருந்தானா? சின்ன வயசு ஆசை என்று சொல்லி, இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கிவிட்டான். கம்பெனி பெயர் வேண்டாம். வண்டி மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தக் கட்டுரையில் வரும் சகல தப்பும் என் நண்பனுடையது. அவனுக்கு மாசத்துக்கொரு தரம் கணக்கு எழுதிக் கொடுக்கப் போவதால், காரின் கதை எனக்கு வவுச்சர் வவுச்சராகத் தெரியும்.

"பேட்டரிதானே? வேற மாத்துடா."

"பேட்டரி முன் டிக்கிக்குள்ள இருக்குதுடா."

"டிக்கியத் திற."

"டிக்கி எலெக்ட்ரிக் பூட்டு. திறக்கறதுக்கு பேட்டரி வேணும்!"

ஆஹா! பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. யோசித்துப் பாருங்கள்... அத்தனை இன்ஜினீயர்கள் உட்கார்ந்து செய்த வண்டி!

போனேன். வீட்டு வாசலில் அக்கம்பக்கத்து நிபுணர்கள் நாலு பேர். ஒருவர் "கடப்பாரை" என்றார். இன்னொருவர், "கண்ணாடிய உடைச்சுட்டா..." என்று ஆரம்பித்தார். கண்ணாடிக்கும் முன் டிக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நண்பனின் பையன், வயசு பன்னிரண்டு, தொப்பியும் கூலிங் கிளாஸுமாக ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து ஸீட் பெல்ட்டும் போட்டாகிவிட்டது. அன்றைக்கு அப்பாவும் பிள்ளையும் சேலம் வரைக்கும் நாலுவழிச் சாலையில் ஒரு 'விரட்டு' விரட்டிவிட்டு வருவதாக ஏற்பாடு.

நான் காமர்ஸ் கிராஜுவேட். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, எழுதியிருப்பதைப் படிப்பது. டாஷ்போர்டு பெட்டியிலிருந்து ஓனர்ஸ் மானுவலை எடுத்தேன். தடியான புஸ்தகம். பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை. வண்டியை முதலில் வாங்கினவரும் பிரிக்கவில்லை, இவனும் பிரிக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினால் விஷயம் கிடைத்துவிட்டது.

டிரைவர் காலடியில் ஃப்யூஸ் பெட்டி. அதற்குள் ஒரு சின்ன உலோக முனை. அதை வெளியே இழுக்கலாம். வேறு ஒரு கார் பேட்டரியின் பாஸிட்டிவ் ஒயரை அதில் மாட்டவேண்டும். நெகட்டிவை கதவுப் பூட்டு மாட்டும் இரும்புக் கொக்கியில் வைக்கவேண்டும். அவ்வளவுதான், டிக்கிப் பூட்டுக்கு மட்டும் உயிர் வரும். அதே ஒயரை வைத்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணப் பார்த்தால் ஃப்யூஸ் பெட்டி புகைந்துவிடும் என்றும் போட்டிருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் உறிஞ்சும் கரண்டை அந்த மெல்லிசு ஒயர் தாங்காது.

நண்பன் மனைவியின் ஆல்ட்டோவைப் பக்கத்தில் கொண்டுவந்து ஒயரை மாட்டினோம். உடனே, "ஊஊஊவ்!" என்று திருட்டு அலாரம் அலறியது பாருங்கள்... நிபுணர்கள் நாலு பேரும் காணாமல் போய்விட்டார்கள். ரிமோட்டை அழுத்தினதும் அலாரம் நின்றது. 'டொக்' என்று டிக்கி திறந்தது.

அப்புறம் பேட்டரியிலேயே நேராக ஒயர் மாட்டி ஸ்டார்ட் பண்ணினோம். சரி, ஏன் செத்தது?

கணக்குதான் ஸார். சாவியை எடுத்துவிட்டால் கார் தூங்குகிறது என்று நினைக்கிறோம். இல்லை. அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் என்று உள்ளே நாலைந்து பேர் முழித்துக்கொண்டு கொறித்துக்கொண்டே இருக்கிறார்கள். மொத்தம் 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், நாள் ஒன்றுக்கு சுமார் ஒரு ஆம்பியர்-அவர் போயாச்சு. 70 ஆம்பியர்-அவர் பேட்டரி. இவன் ஆனி கடைசியில் ஷெட்டில் விட்டவன், ஆடி பூராவும் விட்டுவிட்டு ஆவணியில் வந்து சாவி போடுகிறான். நாற்பது நாள், நாற்பது போச்சு. மிச்சம் முப்பதில் பல்பு எரியலாம், ஆறு சிலிண்டரைச் சுற்ற முடியாது. தினம் ஓட்டாத வண்டி என்றால், கரண்டில் மாட்டி விட்டுவிடும் சின்ன சார்ஜர் இருக்கிறது. பேட்டரி நிரம்பினதும் தானே அடங்கிவிடும், குறைந்தால் தானே ஊட்டும். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோலுக்கு முன்னால் வாங்கவேண்டிய சாமான் அதுதான்.

*

இந்த வண்டி வந்த புதுசில் நடந்ததைச் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

சிங்காநல்லூர் பக்கம் நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர். முப்பது வருஷ சர்வீஸ். அம்பாஸடரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவார். சும்மா பார்க்கத்தான் கூப்பிட்டோம். வந்தார். முன் பானெட்டைத் திறந்தார். கார்ப்பெட் போட்ட பள்ளம், ஒரு குடை. "பின்னாடி இஞ்சின் வண்டியாட்ட இருக்குதுங்ணா" என்று பின்பக்கம் போய்த் திறந்தார். அங்கேயும் கார்ப்பெட். ஓரத்தில் ஆயில் ஊற்ற ஒரு மூடி, தண்ணி ஊற்ற ஒரு மூடி. கொஞ்ச நேரம் மௌனம்.

"ஏனுங்ணா... முன்னாலயும் டிக்கி, பின்னாலயும் டிக்கி. இஞ்சின எங்கீங்ணா வெச்சிருக்காங்க?"

நடுவில்! ஸீட்டுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால், ஒரு தகட்டுக்கு அடியில். அதைப் பார்க்கவேண்டும் என்றால் ஸீட் பின்னால் இருக்கும் கார்ப்பெட்டைக் கழற்றவேண்டும், அல்லது வண்டியைத் தூக்கி அடியில் படுக்கவேண்டும். ஏன் இப்படி? தண்ணிக்குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள், ஆளையே இழுக்கும். இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்புங்கள், சுலபம். வண்டியின் பெரிய பாரம் நடுவில் இருந்தால் வளைவில் அப்படித் திரும்பும். ஓட்டுகிறவனுக்கு சொர்க்கம். ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு நரகம்.

இந்த நரகத்தில் பல மாடி உண்டு. 1994-ல் வந்த ஃபெராரி எஃப்355-ல் டைமிங் பெல்ட் மாற்றவேண்டும் என்றால், இன்ஜினையே வண்டியிலிருந்து கீழே இறக்கவேண்டும். ஒரு ரப்பர் பெல்ட்டுக்கு! அதுவும் கிலோமீட்டர் கணக்கு மட்டும் இல்லை, வருஷக் கணக்கும் உண்டு. ஓட்டாமல் பூஜை ரூமில் வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயசாகிவிடும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அப்புறம் வீட்டுப் பத்திரத்தைத் தேடவேண்டியதுதான். மெக்லாரன் எஃப்1 என்று 106 கார்கள்தான் செய்தார்கள். அதை செக் பண்ணுவதற்கு தொண்ணூறுகளில் வந்த காம்பாக் லேப்டாப் ஒன்றுதான் சரிப்படும் என்று, 2016-ல்கூட கம்பெனிக்காரர்கள் பழைய லேப்டாப் தேடிக்கொண்டிருந்ததாகச் செய்தி வந்தது. பல கோடி கார், அதன் டாக்டர் காயலான் கடை கம்ப்யூட்டர்!

எங்கள் சிங்காநல்லூர் அண்ணன் அன்றைக்கு ஒன்றும் தொடவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். ஆனால் அவர்தான் அப்புறம் மானத்தைக் காப்பாற்றினார்.

போன வருஷம் ஒரு நாள் வண்டி உதற ஆரம்பித்தது. மஞ்சள் இன்ஜின் விளக்கு. ஒரு பெரிய இடத்தில் காட்டினான். (பெயர் எதற்கு?) அவர்கள் ஆறு காயில், ஆறு ப்ளக், முடிந்தால் கம்ப்யூட்டரையும் மாற்றிவிடலாம் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கே நெஞ்சு உதறியது. கணக்கில் ஒரு வினோதம் கவனித்தீர்களா? காரின் மதிப்பை புஸ்தகத்தில் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்த்துக்கொண்டே வருகிறோம். மார்க்கெட்டிலும் விலை சரிகிறது, அதனால்தான் நம்மாள் வாங்க முடிந்தது. ஆனால் ஸ்பேர் பார்ட்ஸுக்கு இந்தத் தேய்மானம் கிடையாது. பழைய விலைக்கு வாங்கின காருக்குப் புதுக் காரின் ரிப்பேர் செலவு! ஆயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாருதி 800-க்கு மூன்று லிட்டருக்குள் முடிந்துவிடும். இது எட்டு லிட்டருக்கு மேல் குடிக்கிறது, அதுவும் ஒசத்தி சிந்தெடிக்.

அண்ணனைக் கூப்பிட்டோம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருக ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தேன். தீப்பெட்டி சைஸ், செல்போனில் படிக்கலாம். இந்தக் கால எல்லாக் காருக்கும் அந்த சாக்கெட் உண்டு. அதில் வந்த நம்பர் பி0303. கடைசி எண்தான் ஜாதகம், மூன்றாவது சிலிண்டரில் நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை.

"மூணாம் நம்பர் காயிலக் கழட்டி அஞ்சுல போடறனுங்ணா. அஞ்சுல இருக்கறத மூணுல போடறன். நோவு கூடவே போச்சுன்னா காயிலு. போகலீன்னா வேற."

அசந்துவிட்டேன். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது நாங்கள் செய்கிற அதே வேலை! அடியில் படுத்து, சக்கரத்தைக் கழற்றி, இரண்டு மணி நேரம் முனகி, மாற்றிப் போட்டார். பழைய கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினோம். வந்தது பி0305. நோய் காயிலோடு குடிபோய்விட்டது. ஒரு காயில் வாங்கினோம். எஸ்டிமேட்டில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் இன்னும் சௌக்கியமாக இருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். கண் சிமிட்டினால் ஓரம் கட்டி நிறுத்திவிடவேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் இருக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், அதன் விலைக்குப் பட்டறையில் ஒரு லேத் வாங்கலாம்.

இன்னொரு பழக்கமும் அண்ணனிடம் உண்டு. ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடமாட்டார். பிரித்து, மடிப்பை விரித்து, வெயிலில் பார்ப்பார், பாட்டி பேன் பார்க்கிற மாதிரி. இரும்புத் தூள் மின்னுகிறதா என்று. இது வேடிக்கை இல்லை. 2001-க்கும் 2005-க்கும் நடுவில் வந்த சில போர்ஷே வண்டிகளில், இன்ஜினுக்குள் ஒரு தண்டைத் தாங்கும் சின்ன பேரிங் பற்றி அமெரிக்காவில் கோர்ட் வரை போய் 2013-ல் சமரசம் ஆனது. எல்லா வண்டியிலும் போகவில்லை, போன வண்டியில் இன்ஜினே போனது. அந்த வண்டி வைத்திருக்கும் ஓனர்கள் உலகம் பூரா இன்றைக்கும் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. பையன் உள்ளேயிருந்து "போலாம்ப்பா!" என்று கத்தினான். நான் தரையில் குந்தி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எதிரே முன் சக்கரம். எழுத்து எங்கே தெரிந்தாலும் படிக்கிற வியாதி எனக்கு. ரப்பரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண்: 3513.

"இது என்னடா நம்பர்?"

"கம்பெனி நம்பரா இருக்கும். ஏறு ஏறு, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

இருந்த ஸீட்டே இரண்டு! ஆனால் எனக்கு அந்த எண் உறுத்தியது. மானுவலில் சற்று முன்னால் பார்த்த பக்கம் ஞாபகம் வந்தது. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 2013-ம் வருஷம் 35-வது வாரம் பிறந்த டயர். மற்ற மூன்றையும் சுற்றி வந்து பார்த்தேன். நாலும் ஒரே பிரசவம்.

"டேய், இதுக்குப் பத்து வயசுக்கு மேல ஆச்சுடா."

"அதனால? ட்ரெட்டப் பாரு! புதுசாட்டம் இருக்குது. மொத்தமே எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்கும்?"

அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். நம் வண்டியில் டயர் தேய்ந்து போகும். இந்த மாதிரி வண்டியில் தேயவே வழியில்லை, வயசாகித்தான் போகும். ரப்பரில் இருக்கும் எண்ணெய்ப் பசை வற்றி, காற்றும் வெயிலும் பட்டு இறுகிவிடும். உள்ளே இருக்கும் கம்பி அடுக்குக்கும் ரப்பருக்கும் இருக்கும் பிடிப்பு தளரும். நாற்பதில் போனால் ஒன்றும் தெரியாது. நூற்றைம்பதில் சூடு ஏறும்போதுதான் தெரியும், தெரிந்து பிரயோஜனம் இல்லை. பக்கவாட்டில் 'ஒய்' என்ற எழுத்து போட்டிருந்தது, 300 கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்று அர்த்தம். அது பிறந்த வருஷத்தில் கொடுத்த வாக்கு. ஐந்து வயசுக்கு மேல் வருஷா வருஷம் காட்டு, பத்து வயசில் ட்ரெட் எப்படி இருந்தாலும் கழற்று என்கின்றன பல டயர் கம்பெனிகள்.

"ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ் பாத்திருக்கியாடா?" என்று கேட்டேன்.

"பத்து தரம்."

"பால் வாக்கர்?"

அவன் பேசவில்லை. 2013 நவம்பர் 30. கலிஃபோர்னியா. போர்ஷே கரேரா ஜிடி. ஓட்டியவர் கார் ரேஸ் தெரிந்த நண்பர், பால் வாக்கர் பக்கத்து ஸீட்டில். இருவருமே பிழைக்கவில்லை. விசாரணை அறிக்கை 2014 மார்ச்சில் வந்தது. வண்டி மணிக்கு 130-லிருந்து 150 கிலோமீட்டர் வேகம், அந்தச் சாலையில் அனுமதி அதில் பாதிதான். வேகம்தான் காரணம் என்று சொன்ன அதே அறிக்கை, இன்னொன்றையும் சொன்னது. டயர்களுக்கு வயசு ஒன்பது.

"அது ஒம்போது. இது அதுக்கும் மேல" என்றேன்.

"நாலு டயர் என்ன விலை தெரியுமாடா? முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ். மாத்திப் போட்டு ஓட்டக்கூட முடியாது. பட்டறை லோன் இந்த மாசம்..." என்று ஆரம்பித்தான். கோபமாகத்தான் பேசினான். "நீ கணக்கெழுத வர்றியா, இல்ல என் வயித்தெரிச்சலக் கொட்டிக்க வர்றியா? ஒரு நாள்டா. ஒரே ஒரு நாள். மூணு மாசமா சொல்லி வெச்சிருக்கேன் அவன்கிட்ட."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ மட்டும்னா போடா. நான் கேக்க மாட்டேன்" என்றேன்.

இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நண்பன் மனைவி படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வண்டியை விற்கச் சொல்லி இரண்டு வருஷமாகச் சண்டை போடுகிற பெண், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நண்பன் கொஞ்ச நேரம் அந்த 3513-ஐயே பார்த்துக்கொண்டு நின்றான். குனிந்து கட்டை விரலால் ரப்பரை அழுத்தினான். நகம் பதியவில்லை.

சாவியைத் திருப்பி அணைத்தான். பையன் பக்கம் போய்க் கதவைத் திறந்தான்.

"எறங்கு கண்ணு."

"ஏம்ப்பா?"

"டயர் பழசாயிருச்சாம் சாமி. மாத்திட்டுப் போலாம்."

அழுதான் பையன். கூலிங் கிளாஸுக்குக் கீழே கண்ணீர் வழிகிறதைப் பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. கடைசியில் எல்லாரும் ஆல்ட்டோவில் திணித்துக்கொண்டு அன்னபூர்ணாவுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். பையன் என்னோடு பேசவில்லை. சாம்பாரைக்கூட என் பக்கம் தள்ளவில்லை.

டயர் ஆர்டர் கொடுத்தாயிற்று. இங்கே ஸ்டாக் இல்லை, வர நாளாகும். இப்போது வண்டி நாலு ஸ்டாண்டு மேல், சக்கரம் இல்லாமல், சார்ஜர் ஒயரோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. இருக்கிற நேரத்தில் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடச் சொன்னேன். அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் சமாசாரம். புதுசில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கவேண்டிய ஆயில், ஈரம் சேர்ந்தால் 155 வரை இறங்கிவிடலாம். கோத்தகிரியிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி போய்விடும். இரண்டு வருஷத்துக்கொரு தரம் மாற்றவேண்டும். நண்பன் கணக்கில் அந்த வவுச்சரே இல்லை!

அன்று சாயந்தரம் கிளம்பும்போது நண்பன் மனைவி வாசல் வரைக்கும் வந்தது.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்ளா? உங்க ஸ்கூட்டர் டயர்ல என்ன நம்பருங்க போட்டிருக்குது?"

குனிந்து பார்த்தேன். சேற்றை விரலால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 0912.

ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.